வீங்கிய பவர் பேங்க்கும் அட்டகாமா பாலைவனமும்

2025 மே 12, திங்கள்: இக்கிக்கே

உலகின் மிக வறண்ட பாலைவனத்தின் விளிம்பில் இறங்கப்போகிறோம் என்று மூன்று விமானங்களிலும் மனத்தைத் தயார் செய்துகொண்டு வந்தவனை, சிலி நாட்டின் வடகோடித் துறைமுகங்களில் ஒன்றான இக்கிக்கே ஈரக் காற்றோடும் தாழத் தொங்கிய சாம்பல் மேகத்தோடும் வரவேற்றது. மழை மட்டும் கிடையாது. கடலிலிருந்து எழும் மூடுபனியை இங்கே ‘கமன்சாக்கா’ என்கிறார்கள். அது மூக்குக் கண்ணாடியை நனைத்துவிட்டு, தரையைத் தொடாமலே போய்விடுகிறது. குடை ஏதும் கிடைக்குமா என்று விடுதிக்கார அம்மாளிடம் கேட்டேன். இந்த ஊரில் பிறந்து ஐம்பது வயதைத் தாண்டியும் தாம் இதுவரை ஒரு குடைகூட வாங்கியதில்லை என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

பழைய வீதியான பக்கேதானோவில் நடைபாதை முழுவதும் மரப்பலகை. இருபுறமும் மரத் தூண்கள் நிறுத்திய மர வீடுகள். ஒரு செடிகூடத் தானாக முளைக்காத ஊரில் இத்தனை மரம் எப்படி வந்தது? நைட்ரேட் உப்பை ஏற்றிச் செல்ல வந்த கப்பல்கள், வெறுமையாக வந்தால் கடலில் தள்ளாடும் என்பதால், வட அமெரிக்காவின் ஒரேகான் பைன் பலகைகளை அடிபாரமாகச் சுமந்து வந்தன என்று சொல்கிறார்கள். திரும்பிப் போகும்போது உப்பு.

அந்த உப்புதான் என்னை இங்கே இழுத்து வந்தது. நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவன். சூரியத் தகடும் மின் வாகனமும் பெருகப் பெருக லித்தியம் தீர்ந்துவிடும், செம்பு போதாது, மறுசுழற்சி ஒன்றே வழி என்று நாள்தோறும் படிக்கிறோம். ஒரு கனிமம் ‘தீர்ந்துபோவது’ என்றால் நடைமுறையில் என்னதான் நடக்கிறது என்பதை, அது ஏற்கனவே நடந்து முடிந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆசை. இக்கிக்கேக்குக் கிழக்கே ஒரு மணி நேரத் தொலைவில் அப்படி ஓர் இடம் இருக்கிறது.

இரவு உணவுக்குச் சாலையோரக் கடையில் ‘கொம்ப்ளேத்தோ’ வாங்கினேன். நீண்ட ரொட்டியைப் பிளந்து, தொத்திறைச்சியின் மேல் மசித்த அவகாடோ, தக்காளி, மயோனைஸ் என்று கொடியின் மூன்று நிறங்களில் அடுக்குகிறார்கள். அது இத்தாலியக் கொடியாம். விலை 2,800 பெசோ, நம் பணத்தில் ஏறக்குறைய 250 ரூபாய். தொத்திறைச்சி வேண்டாம் என்று சைகை காட்டியதும் கடைக்காரர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனாலும் விலையில் ஒரு பெசோவும் குறைக்கவில்லை.

2025 மே 13, செவ்வாய்: ஹம்பர்ஸ்டோன்

கடற்கரைச் செங்குத்தின் மேல் பேருந்து ஏறி முடித்ததுமே மேகம் கீழே தங்கிவிட்டது. மேலே நீலவானம், வெயில், பழுப்பு மண், வேறொன்றுமில்லை. ஹம்பர்ஸ்டோன் துருப்பிடித்த தகரக் கூரைகளின் கூட்டமாகத் தொலைவிலேயே தெரிந்தது.

இந்த நைட்ரேட் ஆலையூர் 1960-இல் மூடப்பட்டது. அருகிலுள்ள சாந்தா லௌராவோடு சேர்த்து 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. நாடக அரங்கின் மர நாற்காலிகள் இன்னும் வரிசை குலையாமல் இருக்கின்றன. கப்பல் இரும்பைக் கொண்டு செய்ததாகச் சொல்லப்படும் நீச்சல் குளம், இறங்குவதற்கான ஏணியோடு, வற்றிக் கிடக்கிறது. நான் அதிக நேரம் நின்றது ‘புல்பெரியா’ எனப்படும் நிறுவனக் கடையில்தான். தொழிலாளர்களுக்கு நாட்டின் பணத்தில் கூலி தராமல், ஒவ்வோர் ஆலையும் தானே அச்சிட்ட வில்லைகளைத் தந்தது. அந்த வில்லை அந்த ஆலையின் கடையில் மட்டுமே செல்லும். கண்ணாடிப் பெட்டிக்குள் அவை கிடக்கின்றன, சில நம் பழைய காலணா அளவில். இதற்கு எதிராகவும் கூலி உயர்வுக்காகவும் 1907 டிசம்பரில் இக்கிக்கேக்கு நடந்தே இறங்கி வந்து, சாந்தா மரியா பள்ளியில் கூடியிருந்த தொழிலாளர்களை இராணுவம் சுட்டுக் கொன்றது. நேற்று நான் ரொட்டி தின்ற இடத்திலிருந்து அது நடக்கும் தூரம்.

எனக்கு இங்கே விளங்க வேண்டியிருந்தது கணக்குதான். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் நைட்ரேட் தேவைப்பட்ட காலத்தில் இந்தப் பாலைவனத்துக்குப் போட்டியே இல்லை. இந்த மண்ணுக்காகவே 1879 முதல் 1884 வரை சிலி, பெரு, பொலிவியா மூன்றும் போரிட்டன. வென்ற சிலியின் அரசு வருவாயில் பல ஆண்டுகள் ஏறக்குறைய பாதி, இந்த உப்பின் ஏற்றுமதி வரியிலிருந்தே வந்தது. 1898-இல் வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர், சிலியின் நைட்ரேட் படிவுகள் சில பத்தாண்டுகளில் தீரும், உலகம் கோதுமைக்குத் திண்டாடும் என்று எச்சரித்தார். காற்றிலுள்ள நைட்ரஜனை வேதியியலாளர்கள் பிடித்துத் தர வேண்டும் என்பதும் அவருடைய பேச்சிலேயே இருந்தது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் அதைச் செய்து காட்ட, 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொழிற்சாலையே ஓடத் தொடங்கியது. சிலியின் உப்புக்கு இருந்த ஏகபோகம் அங்கிருந்துதான் உடையத் தொடங்கியது.

ஆலையின் பின்புறம் நடந்தபோது வெள்ளைப் பூச்சுப் படர்ந்த கற்கள் காலில் இடறின. காவலரிடம் ஒன்றைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். “காலிச்சே, ஐயா. உப்புப் பாறை. கிழக்கே போனால் இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் கிடக்கிறது” என்றார். சுரங்கம் வற்றவே இல்லை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கதவைச் சாத்தியவர்கள் காலுக்கடியில் சரக்கை வைத்துக்கொண்டேதான் சாத்தியிருக்கிறார்கள். குரூக்ஸ் அஞ்சிய பஞ்சமும் வரவில்லை, அந்தப் பயத்தை நம்பி இங்கே கொட்டிய முதலும் திரும்பவில்லை.

சிறு விபத்து ஒன்றையும் எழுதிவிட வேண்டும். அரங்கின் வாசல் பலகையில் கைப்பேசியை 20,000 மில்லிஆம்பியர் மணி அளவுள்ள என் பவர் பேங்க்கில் சொருகிவிட்டு உள்ளே போனவன், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது நிழல் நகர்ந்திருந்தது. உச்சி வெயிலில் பவர் பேங்க் நன்றாக உப்பி, ஓரம் பிளந்து, வடைபோல் நின்றது. கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. காவலர் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, இங்குள்ள குப்பைத் தொட்டியில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், இந்த ஊர் முழுவதும் காய்ந்த மரம் என்றார். அவர் சொன்னது நியாயம். காலுறைக்குள் போட்டுப் பையின் வெளி அறையில் வைத்துக்கொண்டேன்.

2025 மே 14, புதன்: இக்கிக்கேயிலிருந்து கலாமாவுக்கு

பேருந்தில் ஆறரை மணி நேரம். பக்கத்து இருக்கைக்காரர் ஏறியதும் ‘பெர்மிசோ’ என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். தாம் கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டுப் பாதியை நீட்டினார். மறுத்தபோது அதை என் மடியிலேயே வைத்துவிட்டார். இங்கே மறுப்பதற்கு இரண்டு முறைக்கு மேல் வாய்ப்பில்லை.

கீயாகுவா என்ற சிற்றூரில் சுங்கச் சோதனை. இக்கிக்கே 1975 முதல் வரியில்லா வணிக மண்டலம் என்பதால், தெற்கே போகிற ஒவ்வொரு பையும் இறங்கி மேசை மேல் ஏற வேண்டும். வெளிநாடுகளின் பழைய துணிகளும் பழைய வாகனங்களும் இந்த மண்டலத்தில் பெருமளவு வந்து இறங்குகின்றன. விற்காத துணி இக்கிக்கேக்கு மேலுள்ள ஆல்தோ ஒஸ்பிசியோ அருகே பாலைவனத்தில் குன்றாகக் கொட்டப்பட்டதன் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மறுபயன்பாடு என்ற பெயரில் புறப்படும் சரக்கு, வாங்க ஆளில்லாத கணத்தில் குப்பையாகிவிடுகிறது. அந்தக் கணம் துறைமுகத்தைத் தாண்டிய பிறகே வருவதால், அனுப்பியவர் கணக்கில் அது கடைசிவரை ‘மறுபயன்பாடு’தான். எங்கள் தொழிலில் இதற்கு வேறு பெயர் உண்டு.

சுங்க அதிகாரியான இளம்பெண் என் காலுறையைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் சோதனை நின்றது. இன்னோர் அதிகாரியை அழைத்தார். இருவரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அந்தப் பொருளை வேடிக்கை பார்த்தார்கள். இதை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமா என்று செயலியின் மொழிபெயர்ப்பில் ஆவலோடு கேட்டேன். “இங்கே விட்டால் அது எங்களுடையதாகிவிடும்” என்று பதில் வந்தது. செய்தித்தாளில் சுற்றித் தந்து, சரக்கறையில் வைக்காமல் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். வெடித்தால் முதலில் எனக்கே தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

பேருந்து மீண்டும் கிளம்பியபோது பக்கத்து இருக்கைக்காரர் இந்தக் கதையால் என்னோடு நெருங்கிவிட்டார். அவர் ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு என்ற முறையில், மரியா எலெனா வட்டாரத்திலுள்ள செர்ரோ தொமினதோர் சூரிய அனல்மின் நிலையத்தில் கண்ணாடிகளைப் பராமரிக்கும் குழுவில் இருப்பவர். 2021-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் 250 மீட்டர் உயரக் கோபுரத்தைச் சுற்றி 10,600 கண்ணாடிகள் நிற்கின்றன. வெயிலைக் கோபுர உச்சிக்குத் திருப்பி, உருகிய உப்பை 290 பாகையிலிருந்து 565 பாகை வரை சூடாக்கித் தொட்டியில் சேர்த்து, அந்தச் சூட்டைக் கொண்டு இரவெல்லாம் மின்சாரம் எடுக்கிறார்கள். என்ன உப்பு என்று கேட்டேன். “சலித்ரே” என்றார். சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த கலவை. நேற்று நான் காலில் இடறிய கல்லின் உறவு.

வழியில் மரியா எலெனாவின் கழிவுமேடுகள் தெரிந்தன. பழைய நைட்ரேட் ஊர்களில் இன்னும் மனிதர் வாழும் ஊர் அது. இந்தப் பாலைவனத்தில் இன்னும் நைட்ரேட் உப்பெடுக்கிறார்கள். கூடவே அயோடினும் எடுக்கிறார்கள். உலக அயோடினில் பாதிக்கும் மேல் சிலியுடையது. உரத்துக்கென்று செத்த சரக்கு, வேறொரு வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது எழுந்து வந்திருக்கிறது. இதைக் குரூக்ஸும் எதிர்பார்த்திருக்க முடியாது, ஹம்பர்ஸ்டோன் ஆலையைக் கடைசியில் பழைய இரும்பு விலைக்கு வாங்கியவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

நண்பகலில் இந்தப் பாலைவனத்தில் சூரியத் தகடுகளின் மின்சாரத்துக்கு மொத்தச் சந்தையில் விலை பல நாட்களில் பூஜ்யத்தைத் தொட்டுவிடுகிறது என்றும், வாங்க வழியில்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றும் அவர் வருத்தப்பட்டார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில், வெயிலைச் சாயங்காலம் வரை எடுத்துச்செல்லும் பாத்திரத்துக்குத்தான் பஞ்சம். அந்தப் பாத்திரத்துக்கு உப்பு வேண்டும், அல்லது லித்தியம் வேண்டும். கம்பிக்குச் செம்பு வேண்டும்.

2025 மே 15, வியாழன்: கலாமா, சுக்கிகமாத்தா

கலாமா 2,260 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பின்மண்டையில் யாரோ ஆணி வைத்ததுபோல் இருந்தது. கோக்கா இலைத் தேநீர் தந்தார்கள். பச்சைப் புல் வாசனை, பலன் சுமார். சுரங்கச் சம்பளத்தில் வாழும் ஊர் என்பதால் எல்லாமே விலை: ஒரு முட்டை, இரண்டு ரொட்டி, காப்பி சேர்ந்து 6,500 பெசோ.

பவர் பேங்க்கை என்ன செய்வது என்று விடுதியில் கேட்டபோது, ஊர் எல்லையிலுள்ள பழைய இரும்புக் கடைக்குப் போகச் சொன்னார்கள். தகர வேலி, நாய், தராசு, கரும்பலகை. நம்மூர்க் காயலான் கடையைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோல் இருந்தது. பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: முதல்தரச் செம்பு கிலோ 6,200 பெசோ, இரண்டாம் தரம் 5,700, அலுமினியக் குவளை 700, வாகன பேட்டரி 400. கருப்பு உறையுள்ள கம்பிச் சுருளைத் தோளில் சுமந்து வந்த ஒருவர், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நின்றார். கம்பித் திருட்டு இங்கே பெரிய தலைவலி. கடைக்காரர் கத்தியின் முனையால் உறையை ஒரு விரல் நீளம் கீறி, உள்ளே மின்னிய நிறத்தைப் பார்த்து, நகத்தால் சுரண்டி, “இரண்டாம் தரம்” என்றார். மற்றவர் முதல்தரம் என்றார். கொஞ்ச நேரம் இருவரும் அந்த ஒரு விரல் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் 5,900.

என் முறை வந்தது. செய்தித்தாளைப் பிரித்தேன். கடைக்காரர் தொடவில்லை. “இதை எடுத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்டார்.

மறுசுழற்சியின் பொருளாதாரம் பற்றி நான் படித்த அறிக்கைகளை எல்லாம் அந்த ஒரு கேள்வி ஓரங்கட்டிவிட்டது. செம்புக் கம்பியைத் தேடிப் பிடிக்க யாரும் விழிப்புணர்வு ஊர்வலம் போக வேண்டியதில்லை. திருடியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். எத்தனை முறை உருக்கினாலும் செம்பின் குணம் மாறாது, பார்த்தவுடன் தரம் தெரியும், விலை உண்டு. பழைய வாகனங்களின் ஈய பேட்டரியும் அப்படித்தான்: எல்லாம் ஒரே மாதிரி, எடையில் பாதிக்கு மேல் ஈயம், உடைத்து உருக்கினால் மீண்டும் ஈயம். அமெரிக்காவில் அவற்றில் ஏறக்குறைய 99 விழுக்காடு திரும்பி வந்துவிடுகின்றன. லித்தியம் பேட்டரியோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வேதியியல், ஒரு வடிவம், ஒரு பசை. மின்னேற்றம் மிச்சமிருந்தால் தீப்பிடிக்கும். உள்ளே கோபால்ட்டும் நிக்கலும் இருந்தால் பிரிப்பவருக்கு ஏதோ மிஞ்சும்; இப்போது பரவியிருக்கும் இரும்பு பாஸ்பேட் வகையில் அவை இரண்டுமே இல்லை. விலையுயர்ந்த உலோகத்தை விலக்கி பேட்டரியை மலிவாக்குவது வாங்குபவருக்கு நல்லது, பூமிக்கும் ஒருவகையில் நல்லது. அதே செயல் அந்த பேட்டரியின் முதுமைக்காலத்தை அநாதையாக்கிவிடுகிறது.

பிற்பகலில் சுக்கிகமாத்தா செம்புச் சுரங்கம். முன்பதிவு செய்தவர்களைக் கலாமாவிலிருந்து பேருந்தில் அழைத்துப் போகிறார்கள். தலைக்கவசம், ஒளிரும் மேலங்கி கட்டாயம். குழியின் விளிம்பில் நின்றபோது கொஞ்ச நேரம் கண்ணுக்கு அளவு பிடிபடவில்லை. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மூன்று கிலோமீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழம். கீழே எறும்பு ஊர்வதுபோல் தெரிந்த லாரியின் சக்கரம் இரண்டு ஆள் உயரம். நூறாண்டுக்கு மேல் மேலிருந்தே தோண்டி, இனிச் சுற்றுப்பாறையை அகற்றும் செலவு தாங்காது என்ற நிலையில் 2019-இல் ஏறக்குறைய 550 கோடி டாலர் செலவிட்டு நிலத்தடிச் சுரங்கமாக மாற்றத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த ஊரையே 2007–08-இல் காலி செய்து மக்களைக் கலாமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் ஒரு பகுதி கழிவுப் பாறைக்கு அடியில் புதைந்துவிட்டது. மிச்சமிருக்கும் தெருவில் ஒரு பள்ளிக்கூடமும் வங்கிக் கட்டடமும் சுத்தமாகப் பெருக்கி வைத்ததுபோல் நிற்கின்றன.

இந்தக் குழியின் தொடக்க காலத்தில் பாறையில் செம்பு இரண்டு விழுக்காட்டைத் தாண்டியது. இன்று சிலியின் சுரங்கங்களில் சராசரியாக ஒரு டன் பாறைக்கு ஆறேழு கிலோ. மிச்சம் முழுவதும் அரைத்து, நனைத்து, கொட்டவேண்டிய தூள். செம்பு ‘தீர்வது’ இப்படித்தான்: ஒரு நாள் காலையில் பெட்டி காலியாக இருப்பதில்லை, ஒவ்வொரு கிலோவும் முந்தைய கிலோவைவிட அதிக மின்சாரத்தையும் தண்ணீரையும் கேட்கிறது.

அப்படியானால் பழைய இரும்புக் கடைதான் அடுத்த சுரங்கமா? வழிகாட்டிப் பெண் மற்றவர்களுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசியில் கணக்குப் போட்டேன். கட்டடத்திலோ மின்மாற்றியிலோ போன செம்பு திரும்பிவர முப்பது ஆண்டுகள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். 1990-களின் நடுவில் உலகம் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டன் செம்பைப் பயன்படுத்தியது. இப்போது அது 2.7 கோடி டன்னை ஒட்டி இருக்கிறது. அன்று போட்டதில் ஒரு கம்பி விடாமல் எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்தாலும் இன்றைய தேவையில் பாதிகூட வராது. இங்கே குறை மறுசுழற்சிக்காரரிடம் இல்லை. நம் தாத்தா காலத்து உலகம் சிறியது, அது சேமித்து வைத்ததைத்தான் நாம் எடுக்க முடியும். ஒரு மின் வாகனத்துக்குப் பெட்ரோல் வாகனத்தைப்போல் மூன்று மடங்குச் செம்பு வேண்டும் என்பதையும் சேர்த்தால், மறுசுழற்சியா சுரங்கமா என்று கட்சி பிரிந்து சண்டையிடுபவர்கள் இரண்டு பேருமே கணக்கைப் பாதியில் நிறுத்தியவர்கள் என்று தோன்றுகிறது.

பொருளியலார் ஜூலியன் சைமனும் உயிரியலாளர் பால் எர்லிக்கும் 1980-இல் கட்டிய பந்தயம் நினைவுக்கு வந்தது. செம்பு உட்பட ஐந்து உலோகங்கள், பத்து ஆண்டு, ஆயிரம் டாலர். பற்றாக்குறையால் விலை ஏறும் என்றவர் எர்லிக். 1990-இல் பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தபோது ஐந்தின் விலையும் இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலர் 7 சென்டுக்குக் காசோலை அனுப்பினார். சைமன் வென்றதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வேறு பத்தாண்டுகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் காசோலை எதிர்த்திசையில் போயிருக்கும் என்பதையும் கூடவே சொல்லவேண்டும். குழியின் விளிம்பில் நிற்கையில் இருவரையும் நம்பவைக்கும் அளவுக்கு இடம் இருந்தது.

2025 மே 16, வெள்ளி: சான் பெட்ரோ தெ அட்டகாமா

மண் சுவர் வீடுகள், மண் தெரு, சுற்றுலாப் பயணிகள். பகலில் சட்டை போதும்; இரவில் மூன்று போர்வையும் போதவில்லை. ரிக்கா-ரிக்கா என்ற பாலைவன மூலிகையில் செய்த ஐஸ்கிரீம் 3,500 பெசோ. கற்பூரவல்லியும் எலுமிச்சையும் சேர்ந்த வாசனை. தலைவலி போகவில்லை. எழுத வேறு ஒன்றுமில்லை.

2025 மே 17, சனி: அட்டகாமா உப்பளம்

சாக்சா ஏரிக்கு விடியற்காலையில் போனோம். இந்தப் பகுதியை தொக்கோனாவோ ஊரின் லிக்கானன்தாய் பூர்வகுடிச் சமூகத்தினர் பார்த்துக்கொள்கிறார்கள். பாதையை விட்டு இறங்கக் கூடாது, சத்தம் கூடாது. மூன்று வகைப் பூநாரைகள் காலை மடக்கி நிற்க, சுற்றிலும் உப்பு, உழுது போட்ட வயல் அப்படியே கல்லானதுபோல், கூர்முனைகளோடு அடிவானம் வரை கிடக்கிறது. விளிம்பு தட்டி என் செருப்பின் வார் அறுந்தது. வழிகாட்டி அம்மாள் தம் பையிலிருந்து கம்பி எடுத்துக் கட்டித் தந்தார். செம்புக் கம்பி, முதல்தரம்.

இந்த உப்புக்கு அடியிலுள்ள உப்புநீரில் லித்தியம் ஏறக்குறைய 0.15 விழுக்காடு. உலகத்தில் இதைவிட வளமான உப்புநீர் கிடைப்பது அரிது. அதை இறைத்து, பரந்த குளங்களில் விட்டு, ஒரு வருடத்துக்கும் மேல் வெயிலில் வற்றவைத்து, மஞ்சளான குழம்பை லாரியில் துறைமுக நகரமான அந்தோஃபகாஸ்தாவுக்கு அனுப்புகிறார்கள். எரிபொருள் செலவு சொற்பம். ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு யாரும் ரசீது தருவதில்லை. தங்கள் ஓடை வற்றினால் யாரிடம் கேட்பது என்பதுதான் இந்தச் சமூகத்தின் நெடுநாள் கேள்வி என்று அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னார். பூநாரைகளுக்காகவே எல்லோரும் அங்கே மெதுவாகப் பேசுகிறார்கள்.

காலுறையில் என் பவர் பேங்க் இருந்தது. அதில் லித்தியம் சுமார் 6 கிராம். வீணாவதையும் சேர்த்தால் ஏழெட்டு லிட்டர் உப்புநீர், அதாவது அரைக் குடம். லித்தியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் 32 கிராம். 2022-இன் இறுதியில் சீனச் சந்தையில் அதன் விலை டன்னுக்கு 80,000 டாலரைத் தாண்டியபோது, என் கையிலுள்ள லித்தியத்தின் மதிப்பு 2,400 பெசோ, கிட்டத்தட்ட ஒரு கொம்ப்ளேத்தோ. இப்போது விலை 9,000 டாலர் அளவில் கிடக்கிறது. மதிப்பு 270 பெசோ. கலாமா பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்கு நான் கொடுத்தது 500. உலோகமும் அதே, அளவும் அதே. 2022-இன் விலையை நம்பி மறுசுழற்சி ஆலை கட்டியவர்கள், ஆலை எழும்பி முடிந்தபோது 270 பெசோ உலகத்தில் கண் விழித்திருக்கிறார்கள். விலை உயர்ந்தபோது புதிய சுரங்கங்கள் முளைத்தன, சுரங்கங்கள் விலையை இறக்கின, இறங்கிய விலை முதலில் கழுத்தைப் பிடித்தது மறுசுழற்சிக்காரரை. ஏனென்றால் வெயிலில் குளம் வற்றவைப்பவரோடு அவர் போட்டியிட வேண்டும்.

லித்தியம் அணுசக்திக்கு வேண்டிய பொருள் என்று 1979-இலேயே சிலி அரசு அதைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 2023-இல் தேசிய லித்தியக் கொள்கை அறிவித்து, பொதுத்துறைப் பங்கைக் கூட்ட முடிவெடுத்தது. அருமையான சரக்கை அவசரப்பட்டு விற்கக் கூடாது என்பது ஒரு வாதம். சாதாரண உப்பிலிருந்து கிடைக்கும் சோடியத்தைக் கொண்டே பேட்டரி செய்யத் தொடங்கிவிட்ட காலத்தில், காத்திருந்தால் இன்னொரு ஹம்பர்ஸ்டோன் ஆகிவிடும் என்பது மறுவாதம். திரும்பும் வழியில் ஓட்டுநர் இரண்டாவது கட்சி. அவருடைய பாட்டனார் நைட்ரேட் ஆலையில் வேலை பார்த்தவர். வீட்டில் இன்னும் ஒரு டப்பா நிறைய வில்லைகள் இருக்கின்றனவாம், எந்தக் கடையிலும் செல்லாதவை.

2025 மே 18, ஞாயிறு: சான் பெட்ரோ, காலை

இன்று விமானம். வீங்கிய பேட்டரியை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள் என்பதால், கணக்கைத் தீர்க்காமல் ஊரைவிட முடியாத நிலை. விடுதி நடத்தும் அம்மாளிடம் காலுறையோடு போய் நின்றேன். எடுத்துக்கொள்வதற்கு 5,000 பெசோ தருகிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். கலாமா கடைக்காரர் கற்றுத்தந்த பாடம். அவர் பணத்தை வாங்கவில்லை. தயாரித்தவரே கழிவுக்கும் பொறுப்பு என்று 2016-இலேயே சட்டம் போட்டார்கள் என்றும், டயருக்கும் பொட்டலத்துக்கும் முதலில் இலக்கு வைத்து, பேட்டரியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்றும், “சட்டம் வந்துவிட்டது, வண்டி இன்னும் வரவில்லை” என்றும் சொல்லிக்கொண்டே கொல்லைப்புறம் அழைத்துப் போனார்.

சுவரோரம், நிழலில், மூடியிட்ட பெரிய எண்ணெய் டின் ஒன்று இருந்தது. உள்ளே பாலைவன மணல். அகப்பையால் குழி பறித்து என் பவர் பேங்க்கை நட்டு வைத்தார், விதை ஊன்றுவதுபோல். அகப்பை வேறொன்றில் தட்டி ‘டக்’கென்றது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பறித்தார், அங்கேயும் தட்டியது. மூன்று ஆண்டுகளாகப் பயணிகள் விட்டுப் போனவை என்றார்: கைப்பேசி பேட்டரிகள், இரண்டு கேமரா பேட்டரிகள், மிதிவண்டிக்காரர் ஒருவர் விட்டுப் போன செங்கல் அளவு ஒன்று. வண்டி வரும்போது கொடுத்துவிடலாம், அதுவரை மணலுக்குள் தூங்கட்டும் என்று மூடியை அழுத்தி, அதன் மேல் ஒரு காலிச்சே கல்லைத் தூக்கி வைத்தார்.